படுக்கை நனைதலும் சிறுநீர்க்கசிவும்: சிகிச்சை பலித்தது என்று எப்படித் தெரியும்?

ஏழு வயதாகியும் இரவில் படுக்கையை நனைக்கும் குழந்தைகள் 100 பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கு மாத்திரையும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். ஓராண்டு அப்படியே விட்டுவிட்டால், ஆண்டு முடிவில் ஏறத்தாழ 15 பேருக்கு அது தானாகவே நின்றுபோயிருக்கும். குழந்தை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவரும் கணக்கு இது. அதே 100 பேருக்கும் ஆண்டுத் தொடக்கத்தில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு பொடியைக் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? 15 குடும்பங்கள் அவரைக் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லும். மீதி 85 குடும்பங்கள் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளும். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் மருத்துவத்தில் கிடைப்பது அரிது.

பெரியவர்களின் சிறுநீர்க்கசிவிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. கசிவு ஒரு வாரம் கூடும், மறுவாரம் குறையும். மக்கள் மருத்துவரைத் தேடி வருவது பெரும்பாலும் அது மோசமாக இருக்கும் வாரத்தில்தான். ஆகவே அதன்பின் எதைக் கொடுத்தாலும், எதையுமே கொடுக்காவிட்டாலும், நிலைமை சற்றுத் தேறியதாகத்தான் தெரியும். இந்தப் பொய்த் தேற்றத்தைக் கழித்துவிட்டு, சிகிச்சையால் மட்டுமே கிடைத்த பலன் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவதே மருத்துவ ஆய்வின் வேலை. கேட்க எளிதாக இருக்கிறது. செய்வது எவ்வளவு கடினம் என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லப்போகிறது.

எது கசிகிறது, ஏன்?

சிறுநீர்ப்பையின் சுவர் தசையால் ஆனது. பை நிரம்பும்போது அந்தத் தசை தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். வாயிலில் உள்ள சுருக்குத்தசை இறுகிப் பிடித்திருக்க வேண்டும். கழிக்கும்போது இரண்டும் தலைகீழாக மாற வேண்டும். மாறுவதற்கான ஆணை மூளைத்தண்டிலிருந்து வருகிறது. ‘இப்போது வேண்டாம், பொறு’ என்ற தடை மூளையின் முன்பகுதியிலிருந்து வருகிறது. இவை எல்லாவற்றையும் அடியிலிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். வளர்ந்த ஒருவரின் பை 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை பிடிக்கும். குழந்தைகளுக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் மில்லிலிட்டரில் உத்தேசக் கொள்ளளவு கிடைக்கும். ஆறு வயதுக் குழந்தைக்கு 210.

இருமும்போதும் சிரிக்கும்போதும் கனத்தைத் தூக்கும்போதும் கசிந்தால் அது அழுத்தக் கசிவு. வாயிலைப் பிடிக்கும் தசைகளும் அவற்றைத் தாங்கும் திசுக்களும் தளர்ந்ததே காரணம். பிள்ளைப்பேறு கண்ட பெண்களிடம் அதிகம். திடீரென்று அடக்க முடியாத உந்துதல் வந்து, கழிப்பறையைச் சென்றடைவதற்குள் கசிந்தால் அது அவசரக் கசிவு. இங்கே பையின் தசை வேளை கெட்ட வேளையில் சுருங்குகிறது. இரண்டும் கலந்தும் வரும். பை சரியாகக் காலியாகாமல் நிரம்பி வழிவது இன்னொரு வகை. பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்களுக்கு இது வரலாம். மூட்டுவலியால் விரைந்து எழ முடியாமல் உடை நனைவதும் உண்டு. அங்கே பையில் குறை எதுவும் இல்லை.

இந்தப் பிரிவினை வெறும் பாடப்புத்தக விவரம் அல்ல. அழுத்தக் கசிவு உள்ளவர்களுக்குப் பையின் தசையைத் தளர்த்தும் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் ‘பலிக்கவில்லை’ என்று எழுதினால், குற்றம் மாத்திரையுடையது அல்ல; ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தவருடையது. ஓர் ஆய்வைப் படிக்கத் தொடங்கும்போது ‘யாரைச் சேர்த்தார்கள்?’ என்பதை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஐந்து வயது கடந்த பிறகும் தூக்கத்தில் சிறுநீர் கழிவதைத்தான் மருத்துவம் ஒரு சிக்கலாகக் கணக்கில் எடுக்கிறது. அதற்குள் மூன்று காரணங்கள் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்க வேண்டிய வாசோபிரசின் ஹார்மோன் போதாமல் இருக்கலாம். பை தன் கொள்ளளவை எட்டும் முன்பே சுருங்கலாம். பை நிரம்பியும் குழந்தைக்கு விழிப்பு வராமல் போகலாம். பரம்பரைக்கும் பெரிய பங்கு இருக்கிறது: பெற்றோரில் ஒருவருக்குச் சிறு வயதில் இது இருந்திருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு 44 சதவீதத்தை ஒட்டியும், இருவருக்கும் இருந்திருந்தால் 77 சதவீதத்தை ஒட்டியும் இருக்கிறது. இதில் சோம்பலோ பிடிவாதமோ இல்லை. படுக்கையை நனைத்த குழந்தையைத் திட்டும் அப்பா, தன் சிறு வயது பற்றித் தன் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

39 சதவீதம் என்ற தலைவலி

1998இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை விரிவாகப் பார்க்கலாம். இந்தத் துறையின் சிக்கல்கள் எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. 55 வயதைக் கடந்த, அவசரக் கசிவு கொண்ட 197 பெண்கள் கலந்துகொண்டார்கள். குலுக்கல் முறையில் அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு இடுப்புத்தளத் தசைகளை இயக்கவும் உந்துதல் வரும்போது ஓடாமல் நின்று அடக்கவும் பயிற்சி. இன்னொரு குழுவுக்குப் பையின் தசையைத் தளர்த்தும் ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை. மூன்றாவது குழுவுக்கு, பார்க்க அதே போல இருந்தாலும் உள்ளே மருந்தில்லாத மாத்திரை. இதைத்தான் மருந்துப்போலி என்கிறோம். எட்டு வாரங்கள் கழித்துக் கசிவு எவ்வளவு குறைந்தது? பயிற்சிக் குழுவில் சராசரியாக 80.7 சதவீதம். மருந்துக் குழுவில் 68.5 சதவீதம். வெறும் மாத்திரை விழுங்கியவர்களிடம் 39.4 சதவீதம்.

கடைசி எண்ணைத்தான் நிறுத்திப் படிக்க வேண்டும். மருந்தே இல்லாத ஒன்று கசிவை ஐந்தில் இரண்டு பங்கு குறைத்திருக்கிறது. மூன்றாவது குழு இல்லாமல் இந்த ஆய்வை நடத்தியிருந்தால், மாத்திரை விற்பவர் ‘68 சதவீதக் குறைவு’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்திருப்பார். அதில் பாதிக்கு மேல் மருந்தின் வேலையே அல்ல என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

மருந்தில்லாத மாத்திரை எப்படிக் கசிவைக் குறைக்கும்? நம்பிக்கை ஒரு காரணம். ஆனால் அதுவே எல்லாம் என்று நினைப்பது தவறு. மோசமான வாரத்தில் வந்து சேர்ந்தவர் இயல்பாகவே சராசரிக்குத் திரும்புவது ஒரு பெரிய பங்கு. இன்னொன்று சுவையானது: இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்பவர்கள் ஒவ்வொரு நாளும் எத்தனை முறை கழிப்பறைக்குப் போனோம், எப்போது கசிந்தது, எவ்வளவு குடித்தோம் என்று ஒரு நாட்குறிப்பில் எழுதிவர வேண்டும். எழுதத் தொடங்கியதும் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள். மாலையில் குடிக்கும் மூன்றாவது கோப்பைக் காபி கண்ணில் படுகிறது. வெளியே கிளம்பும் முன் ஒருமுறை போய்விட்டு வரலாம் என்று தோன்றுகிறது. அளப்பதற்காகக் கொடுத்த கருவியே அரைச் சிகிச்சையாகிவிடுகிறது.

2009இல் வெளியான உடல் எடைக் குறைப்பு ஆய்விலும் இதே கதைதான். உடல் பருமனும் கசிவும் உள்ள 338 பெண்களில் ஒரு சாராருக்கு ஆறு மாதத் தீவிர எடைக் குறைப்புத் திட்டம். மற்றவர்களுக்குச் சில கல்வி வகுப்புகள் மட்டும். எடை குறைத்தவர்கள் சராசரியாக உடல் எடையில் 8 சதவீதத்தை இழந்தார்கள். வாராந்திரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. வகுப்பில் மட்டும் உட்கார்ந்தவர்களுக்கும் 28 சதவீதம் குறைந்தது. எடைக் குறைப்பு பலிக்கிறது என்பது உண்மை. அதன் சொந்தப் பலன் 47 அல்ல, இரண்டுக்கும் இடைப்பட்ட 19 என்பதும் அதே அளவு உண்மை.

அழுத்தக் கசிவுக்காக நோயாளியின் சொந்தத் தசைச் செல்களை எடுத்து வளர்த்துச் சுருக்குத்தசையில் செலுத்தும் முயற்சி ஒன்று பெரிய எதிர்பார்ப்போடு தொடங்கியது. போலி ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் மிகப் பெரும்பாலோர் தேறிவிட்டதால், அதில் ஆட்கள் சேர்ப்பதையே பாதியில் நிறுத்த நேர்ந்தது. செல் சிகிச்சை பலிக்கவில்லை என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. பலித்ததா என்று பார்க்கவே முடியாதபடி போலியின் பலன் எல்லாவற்றையும் மூடிவிட்டது. ‘எங்கள் செல் சிகிச்சையால் பத்தில் எட்டுப் பேர் தேறினார்கள்’ என்று எங்காவது விளம்பரம் பார்த்தால் இது நினைவுக்கு வரட்டும்.

ஏன் குலுக்கல்?

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரே முடிவு செய்தால் என்ன குறை? அவர் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் ஆர்வமாகப் பயிற்சி செய்வார் என்று தோன்றுபவரைப் பயிற்சிக் குழுவுக்கும், தள்ளாடும் முதியவரை மற்றக் குழுவுக்கும் அவர் கை தானாகவே தள்ளும். கடைசியில் வென்றது பயிற்சியா, ஆர்வமா என்று பிரிக்க முடியாது. குலுக்கல் இந்த அறிந்த, அறியாத சாய்வுகள் எல்லாவற்றையும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்துவிடுகிறது.

இதன் அருமை ஈஸ்ட்ரோஜன் விவகாரத்தில் தெரிந்தது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைகிறது. சிறுநீர்ப் பாதையின் திசுக்கள் மெலிகின்றன. கசிவும் அந்த வயதில் அதிகம். ஆகவே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தால் கசிவு குறைய வேண்டும். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. பல்லாண்டுகள் மருத்துவர்கள் இந்த நம்பிக்கையில் எழுதிக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் 27,000க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய மிகப் பெரிய ஹார்மோன் ஆய்வின் தரவுகளை 2005இல் அலசியபோது, முடிவு தலைகீழாக இருந்தது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்தவர்களுக்கு, தொடக்கத்தில் கசிவே இல்லாதவர்களுக்கும்கூட, ஓராண்டில் புதிதாகக் கசிவு வருவது அதிகரித்திருந்தது. ஏற்கெனவே இருந்தவர்களுக்கு அது மோசமானது. (பிறப்புறுப்பில் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு வேறு விஷயம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) உடலின் இயக்கத்தை வைத்துப் போடும் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஊகம்தான்.

மறைக்க முடியாத மணி

மாத்திரையைப் பொறுத்தவரை, எது மருந்து, எது போலி என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் மறைத்துவிடலாம். படுக்கை நனைந்ததும் ஒலித்து எழுப்பும் அலாரத்தை எப்படி மறைப்பது?

படுக்கை அலாரத்தின் பிறப்பே ஒரு தற்செயல். 1904இல் மைன்ஹார்ட் வான் ஃபவுண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், மருத்துவமனையில் குழந்தைகள் நனைந்த படுக்கையிலேயே கிடக்காமல் இருப்பதற்காக ஒரு மின்மணியைப் பொருத்தினார். ஈரம் பட்டதும் மணி அடிக்கும். செவிலியர் வந்து துணி மாற்றுவார். சில வாரங்களில் சில குழந்தைகள் நனைப்பதையே நிறுத்திவிட்டதை அவர் கவனித்தார். 1938இல் ஹோபார்ட் மவுரர், வில்லி மே மவுரர் என்ற உளவியலாளர் தம்பதி அதையே ஒரு சிகிச்சையாக்கி 30 குழந்தைகளிடம் பயன்படுத்தினார்கள். அத்தனை பேரிடமும் வெற்றி என்று எழுதினார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லை.

பின்னாளில் குலுக்கல் முறை ஆய்வுகள் பல நடந்தன. அவற்றைத் திரட்டிப் பார்த்த, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, அலாரத்தைப் பயன்படுத்தும்போது மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு நனைவது நின்றது என்று கண்டது. அலாரத்தைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், அதை நிறுத்திய பிறகும் நனைக்காமல் இருந்தார்கள். எதுவும் செய்யாத குழுவில் அந்தக் குறுகிய காலத்தில் அநேகமாக யாரும் தேறவில்லை. 100 சதவீதம் மூன்றில் இரண்டாகச் சுருங்கியது ஏமாற்றம் அல்ல. இப்போதுதான் அது நம்பத் தகுந்த எண்.

அலாரம் அடிப்பது வீடு முழுக்கக் கேட்கும். பல வேளைகளில் குழந்தையைத் தவிர எல்லோரும் எழுந்துவிடுவார்கள். எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதை மறைக்க வழியே இல்லை. இத்தகைய இடங்களில் முடிவைக் கணக்கிடுபவரிடமாவது யார் எந்தக் குழு என்று சொல்லாமல் மறைப்பார்கள். சில கருவிகளுக்குப் போலியும் செய்ய முடியும். 2017இல் சீனாவில் 504 பெண்களிடம் அழுத்தக் கசிவுக்கு, ஊசி வழியே சிறு மின்சாரம் செலுத்தும் மின் அக்குபங்சரைச் சோதித்தபோது, ஒப்பீட்டுக் குழுவுக்குத் தோலைத் துளைக்காத மழுங்கிய ஊசிகளைப் பயன்படுத்தினார்கள். ஆறாவது வாரத்தில், கசிந்த அளவு உண்மை ஊசிக் குழுவில் சராசரியாக 9.9 கிராமும் போலிக் குழுவில் 2.6 கிராமும் குறைந்திருந்தது.

அலாரம் ஆய்வுகளைப் படிக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பாதியில் விட்டுப்போனவர்களை என்ன செய்தார்கள்? நடுராத்திரி எழுந்து எழுந்து சலித்துப்போன குடும்பங்கள் மூன்றாவது வாரத்தில் கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிடும். அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று மட்டும் சொன்னால் எந்தச் சிகிச்சையும் ஜொலிக்கும். தொடக்கத்தில் யாரை எந்தக் குழுவில் போட்டார்களோ, அவர்கள் சிகிச்சையை விட்டிருந்தாலும் அந்தக் குழுவிலேயே வைத்து எண்ண வேண்டும் என்பது நேர்மையான ஆய்வின் விதி. வீட்டில் வாங்கி வைக்கும்போது உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த எண்தானே.

கிராமும் இரவும் மனமும்

மேலே ‘கிராம்’ என்று சொன்னேன். கசிவை எடை போட முடியும். எடையிட்ட உறிஞ்சும் பேட் ஒன்றை அணிந்துகொண்டு, தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் நடப்பது, படியேறுவது, இருமுவது என்று குறிப்பிட்ட வேலைகளைச் செய்ய வேண்டும். பிறகு பேட்டை மீண்டும் எடை போடுவார்கள். ஒரு கிராமுக்கு மேல் கூடியிருந்தால் கசிவு இருப்பதாகக் கொள்ளப்படும். நாட்குறிப்பு எண்ணிக்கையைச் சொல்லும். பேட் அளவைச் சொல்லும். இவை எவ்வளவு வாட்டுகின்றன என்பதை அறியத் தனி வினாத்தாள்கள் உள்ளன. மூன்றும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 20 கிராம் கசிந்தும் கவலைப்படாதவர் உண்டு. இரண்டு கிராமுக்குப் பயந்து விருந்துக்கே போகாதவரும் உண்டு. எந்த அளவுகோலை முதன்மையாகக் கொள்ளப்போகிறோம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பத்து விதமாக அளந்துவிட்டு, சாதகமாக வந்த ஒன்றை மட்டும் தலைப்பில் போடும் ஆசை யாருக்கும் வரும். 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்கள், முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதிவாகாத சிகிச்சை ஆய்வுகளை வெளியிடுவதில்லை என்று விதித்திருப்பது ஓரளவு இதற்காகத்தான்.

குழந்தைகளின் ஆய்வில் அளவுகோல் ‘நனைந்த இரவுகள்’. அதிலும் குழப்பம் வரும். வாரம் ஆறு இரவு நனைத்த குழந்தை மூன்று இரவாகக் குறைந்தால் வெற்றியா? புள்ளியியலாளருக்கு வெற்றி. நண்பர்கள் வீட்டில் ஓரிரவு தங்க ஆசைப்படும் குழந்தைக்கு அது ஒன்றுமே இல்லை. இந்தத் துறைக்கான பன்னாட்டுச் சங்கம் இதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தது. பாதிக்கும் குறைவாக நனைவது குறைந்தால் பலன் இல்லை. 50 முதல் 99 சதவீதம் வரை பகுதிப் பலன். முற்றிலும் நின்றால்தான் முழுப் பலன். சிகிச்சையை நிறுத்தி ஆறு மாதம் திரும்ப வராமல் இருந்தால் தொடர் வெற்றி. இரண்டு ஆண்டு இருந்தால் முழு வெற்றி.

இந்த அளவுகோலை டெஸ்மோபிரசின் மாத்திரையோடு பொருத்திப் பாருங்கள். வாசோபிரசினின் செயற்கை வடிவம் இது. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும். போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் வாரத்துக்குச் சராசரியாக 1.3 இரவு குறைவாக நனைகிறது. ஏமாற்றமான எண்தான். ஆனால் சராசரி என்பது ஒரு மூடுதிரை: சில குழந்தைகளுக்கு முதல் வாரத்திலேயே முற்றிலும் நின்றுவிடுகிறது, சிலருக்கு எதுவுமே நடப்பதில்லை. நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்ப வருகிறது. அலாரம் மெதுவாகத்தான் வேலை செய்யும். பலன் வர வாரங்கள் ஆகும். ஆனால் வந்தது நிலைக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே ‘எது சிறந்தது?’ என்ற கேள்விக்கு, சிகிச்சை நடக்கும்போது அளந்தால் ஒரு விடையும், முடிந்து ஆறு மாதம் கழித்து அளந்தால் வேறு விடையும் கிடைக்கும். அடுத்த வாரம் பள்ளிச் சுற்றுலா என்றால் மாத்திரைக்கு நியாயம் இருக்கிறது. நீண்ட காலத்துக்கு என்றால், குடும்பம் தூக்கத்தைத் தியாகம் செய்யத் தயாராக இருந்தால், நான் அலாரத்தின் பக்கம்.

சிறிய ஆய்வின் கண்ணுக்குத் தெரியாதவை

டெஸ்மோபிரசின் எடுத்துக்கொண்ட இரவில் அதிகம் தண்ணீர் குடித்தால் உடலில் நீர் தங்கி, இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே குடிப்பதைக் கட்டுப்படுத்தச் சொல்வது இதனால்தான். மூக்கில் தெளிக்கும் வடிவத்தால் வலிப்பு நிகழ்வுகள் பதிவானதால், 2007இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்த வடிவத்தைப் படுக்கை நனைதலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கூறிவிட்டது. மருந்து சந்தைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து வந்த முடிவு இது. முன்பு நடந்த ஆய்வுகள் ஏன் இதைக் காட்டவில்லை? ஒரு கணக்கு சொல்கிறேன். 300 பேரிடம் சோதித்து ஒருவருக்கும் ஒரு பக்கவிளைவு வரவில்லை என்றால், ‘அது 100இல் ஒருவருக்கு மேல் வராது’ என்று மட்டுமே உறுதியாகச் சொல்லலாம். 1000இல் ஒருவருக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் அந்த ஆய்வின் கண்ணில் படாது.

காலமும் இப்படித்தான் ஏமாற்றும். அவசரக் கசிவுக்கான மாத்திரை ஆய்வுகள் பெரும்பாலும் 12 வாரங்களில் முடிந்துவிடும். ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின் வகை மருந்துகள் போலியோடு ஒப்பிட்டால் வாரத்துக்கு ஏறத்தாழ நான்கு கசிவுகளைக் குறைக்கின்றன. வாய் உலர்வையும் மலச்சிக்கலையும் தருகின்றன. பலர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள். இவற்றை நீண்ட காலம் எடுத்த முதியவர்களிடம் மறதிநோய் அதிகமாகக் காணப்படுவதாகப் பெரிய பின்தொடர் ஆய்வுகள் பிறகு சொன்னன. இதையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. மறதிநோயின் ஆரம்ப நிலையே கசிவை உண்டாக்கி, அதனால் மருந்து எழுதப்பட்டிருக்கவும் கூடும். எது முன், எது பின் என்பதைப் பின்தொடர் ஆய்வு முழுதாகத் தீர்க்காது. ஆனாலும் மருத்துவர்கள் முதியவர்களுக்கு இவற்றை எழுதத் தயங்குகிறார்கள். 2011இல் ஜப்பானிலும் 2012இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற, வேறு வழியில் செயல்படும் மிராபெக்ரான் மருந்தை நாடுகிறார்கள். அதற்கு இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

அழுத்தக் கசிவுக்காக உடலுக்குள் வைக்கும் செயற்கை வலைநாடாவின் வரலாறு இன்னும் கசப்பானது. 1996இல் ஸ்வீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டன் அறிமுகப்படுத்திய முறையில், சிறுநீர்த் தாரைக்கு அடியில் ஒரு மெல்லிய நாடாவைச் செலுத்தி அதைத் தாங்கச் செய்வார்கள். அறுவை சிறியது, பலன் உடனடி, ஓராண்டு இரண்டாண்டு ஆய்வுகளில் நல்ல முடிவு. உலகெங்கும் ஏராளமான பெண்களுக்குச் செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் ஒரு சிறு பங்கினருக்கு ஆண்டுகள் கழித்து நாடா திசுவை அரித்து வெளிவந்தது. தீராத வலி வந்தது. எடுப்பதும் எளிதாக இல்லை. அந்தப் பெண்கள் சொன்னதை நெடுங்காலம் யாரும் காதில் வாங்கவில்லை. 2018இல் இங்கிலாந்து அதன் பயன்பாட்டை இடைநிறுத்தியது. ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் அரசு அமைத்த விசாரணைக் குழு 2020இல் கொடுத்த அறிக்கை, யாருக்குப் பொருத்தினோம், பிறகு என்ன ஆனது என்ற பதிவேடே முறையாக இல்லை என்பதைக் கண்டித்தது. பல நாடுகளில் இந்த அறுவை இன்றும் நடக்கிறது, நியாயமாகவே. ஆனால் உடலுக்குள் ஆயுள் முழுக்க இருக்கப்போகும் ஒன்றை இரண்டாண்டில் தீர்ப்பெழுதிவிட்டது யாருடைய அவசரம்?

ஒன்றும் கிடைக்காத ஆய்வுகள்

இடுப்புத்தளப் பயிற்சியைப் பரப்பியவர் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல், ஆண்டு 1948. அழுத்தக் கசிவு உள்ள பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டிய 2018 மதிப்பாய்வில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 சதவீதம். இந்தத் துறையில் இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம். ஒரு மாத்திரைக்கு இந்த எண் வந்திருந்தால் அதன் விளம்பரம் எங்கும் நிறைந்திருக்கும்.

அப்படியானால் பயிற்சியோடு ஒரு கருவியையும் சேர்த்தால்? தசை சுருங்குவதைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக் கருவியைச் சேர்த்து, பிரிட்டனில் 600 பெண்களிடம் சோதித்தார்கள். 2020இல் வந்த முடிவு: கருவி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இரண்டு ஆண்டு கழித்து வேறுபாடு இல்லை. ஆண்களிடமும் இதே போல ஒன்று நடந்தது. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு கசிவு உள்ளவர்களுக்குத் தனித்தனியாகப் பயிற்சியாளரை வைத்துச் சொல்லிக்கொடுத்ததில், வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று 2011இல் தெரிந்தது. இத்தகைய முடிவுகள் செய்தியாவதில்லை. எனக்கோ இவைதாம் அதிகம் பயன்படுகின்றன. வீணாகப் போகும் பணத்தையும் அலைச்சலையும் இவை மிச்சப்படுத்துகின்றன.

யாரைச் சேர்க்கிறார்கள் என்று முதலில் கேட்டோம். யாரைச் சேர்ப்பதில்லை என்பதையும் கேட்க வேண்டும். மறதிநோய் உள்ளவர்கள், பல மருந்துகள் எடுப்பவர்கள், பிறர் உதவியின்றி நடமாட முடியாதவர்கள் ஆகியோரைப் பல ஆய்வுகள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. கசிவால் அதிகம் அவதிப்படுபவர்களும் அவர்களே. 60 வயது ஆரோக்கியமான பெண்ணிடம் கிடைத்த எண்ணை 85 வயது மூதாட்டிக்குப் பொருத்தும்போது, அதைச் செய்பவர் ஊகத்தில்தான் நடக்கிறார்.

ஆய்வு முடிவுகளுக்காகக் காத்திருக்கக் கூடாத சூழல்களும் உண்டு. சிறுநீரில் இரத்தம், கழிக்கும்போது எரிச்சல், கால்களில் திடீர் பலவீனத்தோடு வரும் கசிவு ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த குழந்தை மறுபடி தொடங்கினாலும், அதோடு அதீத தாகமும் எடை இழப்பும் இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. நீரிழிவு முதல் மனச்சுமை வரை காரணம் எதுவாகவும் இருக்கலாம். மலச்சிக்கல் உள்ள குழந்தைக்கு முதலில் அதைச் சரிசெய்தாலே இரவு நனைவது நிற்பதுண்டு.

உங்களையோ உங்கள் குழந்தையையோ ஓர் ஆய்வில் சேர அழைத்தால், ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுக்கிறார்கள், எதை வைத்து வெற்றியை அளக்கிறார்கள், சிகிச்சை நின்ற பிறகு எவ்வளவு காலம் கவனிப்பார்கள், செலவை ஏற்பது யார் என்று கேளுங்கள். குழந்தை என்றால் பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது. விவரம் புரியும் வயதுக் குழந்தையிடமும் அதற்குப் புரியும் மொழியில் சொல்லிச் சம்மதம் கேட்பது முறை. குலுக்கலில் போலிக் குழுவுக்குப் போகும் வாய்ப்பும் இருக்கிறது என்பதை முன்பே தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். அதற்குப் பிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே, விலகிக்கொள்ளலாம். அப்படி விலகியதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது.